டிராம் ஊருக்கு லாபமா, தலைவலியா?

வழிப்போக்கன் (கேள்வி):
கொல்கத்தாவில் 1873ல் குதிரை இழுத்து, 1902ல் மின்சாரத்துக்கு மாறிய டிராம். மைதானம் பக்கம் ஒரு தடத்தை மட்டும் நினைவுக்கு வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தப்போவதாக 2024ல் அரசு சொல்லிவிட்டது. மெல்போர்னிலோ சுமார் 250 கிலோமீட்டருக்கு ஓடுகிறது. அதே தண்டவாளம், அதே கம்பி. அங்கே செல்லுபடியாவது இங்கே ஏன் ஆகவில்லை? பஸ்ஸைவிட இதில் அப்படி என்ன இருக்கிறது?

இரும்புப்பாதை:
கூட்டத்தை அள்ளுவதுதான். 43 மீட்டர் டிராமில் சதுர மீட்டருக்கு 4 பேர் நிற்கிற கணக்கில் ஏறக்குறைய 300 பேர். மூன்று நிமிடத்துக்கு ஒன்று விட்டால் மணிக்கு 6,000 பேர். வெஸ்டிபியூல் பஸ்ஸில் (இரண்டு பெட்டியை இணைத்த நீள பஸ்) 110 பேர் என்று வைத்தாலும் அதே கூட்டத்துக்கு 55 பஸ் வேண்டும், அதாவது 65 நொடிக்கு ஒன்று. ஒரு ஸ்டாப்பில் ஏறி இறங்கக் கொஞ்சம் தாமதமானாலும் பின்னால் வருவது வந்து ஒட்டிக்கொள்ளும். அப்புறம் மூன்று பஸ் சேர்ந்து வரும், கால் மணி நேரத்துக்கு ஒன்றும் வராது. ஓட்டுநர் சம்பளமும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

இரும்பு மேல் இரும்பு உருள்வதால் டயரைவிட இழுவை மிகக் குறைவு, மின்சாரம் மிச்சம். ஆனால் அந்த வழுக்கல்தான் பிரேக்கில் காலை வாரும். 50 கி.மீ. வேகத்தில் சாதாரண பிரேக் பிடித்தால் நிற்க 80 மீட்டர் ஆகும். தண்டவாளத்தைக் கவ்வும் காந்த பிரேக்கை இறக்கி, மணலும் தூவினால் 35–40 மீட்டர். குறுக்கே ஆட்டோ வந்தால் ஒதுங்க வழியில்லை.

சாலைக்கணக்கு:
கொல்கத்தாவில் தனித்தடமாக இருந்த பகுதிகளையும் பிற்பாடு கான்கிரீட் போட்டு எல்லா வண்டிக்கும் திறந்துவிட்டார்கள். தண்டவாளத்தின் மேல் ஒரு டெம்போ நின்றால் பின்னால் அத்தனை டிராமும் நிற்கும். தனித்தடம் இல்லாத டிராம் வீண்செலவு.

தென்கோடி:
சாலைக்கணக்கு சொல்றதுல பாதிதான் சரி. மெல்போர்ன்லயும் முக்கால்வாசித் தடம் கார்களோட கலந்துதான் போகுது, சராசரி வேகம் 16 கி.மீ. தான். அங்க காப்பாத்துறது சட்டம். டிராம் நின்னு கதவு திறந்தா, அதே பக்கமா வர்ற கார் டிராமோட வால் பக்கத்துலயே நின்னாகணும். நகர மையத்துல பல சந்திப்புகள்ல வலப்பக்கம் திரும்பணும்னா இடது ஓரத்துக்குப் போய் காத்திருந்துதான் திரும்பணும். நம்மள மாதிரியே இடப்பக்கம் ஓட்டுற ஊரு, நடுவுல இருக்கிற தண்டவாளத்த மறிக்கக் கூடாதுன்னுதான் இந்த ஏற்பாடு. தனித்தடம் போட இடமில்லாத தெருவுல இதுதான் வழி. நம்ம ஊர்ல கேப்பாங்களான்றது வேற விஷயம்.

மண்ணுக்கடியில்:
மேலே ஓடுவதையே எல்லோரும் பேசுகிறீர்கள். செலவு கீழே இருக்கிறது. எடின்பரோவில் 2014ல் திறந்த 14 கிலோமீட்டருக்கு 776 மில்லியன் பவுண்டு ஆனது. தெருவுக்கடியில் கிடந்த குழாய், கேபிளை நகர்த்தியது அங்கே பெரிய இழுபறிகளில் ஒன்று. ஏன் நகர்த்த வேண்டும்? தண்டவாளத்துக்குக் கீழே குழாய் உடைந்தால் டிராமை நிறுத்திவிட்டுத்தான் தோண்ட முடியும்.

இன்னொன்று கசியும் மின்சாரம். 600–750 வோல்ட் நேர்மின்சாரம் திரும்பிப் போவது தண்டவாளம் வழியாக. காப்பு சரியில்லாவிட்டால் மண்ணில் கசிந்து இரும்புக் குடிநீர்க் குழாயில் ஏறும். அது குழாயைவிட்டு வெளியேறும் இடத்தில் இரும்பைத் தின்னும்: ஒரு ஆம்பியர் ஓராண்டு கசிந்தால் 9 கிலோ. அதனால்தான் இப்போது தண்டவாளத்தை ரப்பர் உறை போட்டுக் கான்கிரீட்டில் பதிக்கிறார்கள். உறை கிழிந்தால் மேலே இருந்து தெரியாது.

மழையும் உண்டு. சென்னையில் 1895ல் ஓடிய டிராமுக்கு முதலில் மின்சாரம் தரைக்கடியில்தான் வந்தது. மழைக்காலம் அதைப் பாழாக்க, மேலே கம்பி கட்டினார்கள். 1953 வரை அப்படித்தான்.

மிதிவண்டி:
ஒன்று விட்டுப்போச்சு. தண்டவாளப் பள்ளம் ஏறத்தாழ நாலு சென்டிமீட்டர் அகலம். சைக்கிள் சக்கரம் சாய்வாகப் போனால் உள்ளே சிக்கி ஆள் கீழே. 60 டிகிரிக்குக் குறையாமல், முடிந்தால் நேர் குறுக்காகக் கடக்கணும். மழையில் இரும்பின் மேல் இருக்கும்போது பிரேக்கும் பிடிக்காதீங்க, ஹேண்டில்பாரையும் திருப்பாதீங்க.