39 வயதில் கம்யூனிட்டி காலேஜில் நர்சிங் சேரலாமா? கலிபோர்னியாவில் படித்தவர்கள் சொல்லுங்கள்

கோவைக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். ப்ரீமாண்டில் இருக்கிறோம். கோவையில் பி.எஸ்ஸி பயோகெமிஸ்ட்ரி முடித்துவிட்டு இரண்டு வருடம் ஒரு லேபில் வேலை பார்த்தேன், அப்புறம் கல்யாணம், இங்கே வந்து 13 வருடம் எச்4 விசாவில் (வீட்டுக்காரர் வேலை விசாவைச் சார்ந்தது) சும்மாதான் இருந்தேன் (சும்மா என்றால் சமையல், பிள்ளைகள், டாக்ஸ் ஃபைலிங் எல்லாம் சேர்த்து). போன வருடம் கிரீன் கார்டு வந்தது. பெரியவனுக்கு 11, சின்னவளுக்கு 7.

வீட்டுக்காரர் டேட்டா கோர்ஸ் ஏதாவது எடு என்கிறார். எனக்கு அதில் மனசே போகவில்லை. இரண்டு வருடம் முன்பு அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து 22 நாள் ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தேன், அங்கே ஒரு சிஸ்டர் ஒவ்வொரு முறை அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்கும்போதும் அவர் குதிகாலைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திவிட்டு உற்றுப் பார்ப்பார். சிவப்பு போய் வெளுத்துத் திரும்புகிறதா என்று பார்க்கிறாராம், வெளுக்கவில்லை என்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தமாம். அன்றைக்கு விழுந்த விதை இது.

என் வயசுக்கு இது சரிப்படுமா? ஊர் டிகிரியை எடுத்துக்கொள்வார்களா? இரண்டு வருட ஏ.டி.என் (அசோசியேட் டிகிரி) படித்தால் மரியாதை உண்டா, இல்லை நான்கு வருட பி.எஸ்.என் (நர்சிங் பட்டம்)தான் போக வேண்டுமா? மாமியார் வேறு "எம்புட்டுப் படிச்சுட்டு பெட்பேன் கழுவவா போறே" என்று போனிலேயே ஆரம்பித்துவிட்டார்.

இரவு ஷிஃப்ட்:

நான் 36ல் ஆரம்பித்தேன், இப்போது டெலிமெட்ரி வார்டில் (இதயத் துடிப்பை மானிட்டரில் கவனிக்கும் வார்டு) நைட் டூட்டி. என் வகுப்பில் 51 வயதுக்காரர் ஒருவர் இருந்தார், மகளும் அவரும் ஒரே வருடம் பட்டம் வாங்கினார்கள். வயசை விடுங்கள்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இரண்டு வருடம் என்பது பேச்சுக்குத்தான். அனாட்டமி, ஃபிசியாலஜி, மைக்ரோபயாலஜி மூன்றும் லேபோடு, அதற்கு முன்னால் பல இடங்களில் கெமிஸ்ட்ரி, கூடவே இங்கிலீஷ் காம்போசிஷன், இதெல்லாம் முடித்தால்தான் அப்ளிகேஷனே போட முடியும். வீட்டையும் பார்த்துக்கொண்டு படித்தால் அதற்கே ஒன்றரை இரண்டு வருடம் போய்விடும். உங்கள் பி.எஸ்ஸியை மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள், பொதுப் பாடங்கள் சில கழியலாம். ஆனால் சயின்ஸ் பாடங்கள் 5 அல்லது 7 வருடத்துக்குள் படித்தவையாக இருக்க வேண்டும் என்று பல காலேஜ்கள் கேட்கும், அதனால் பயோகெமிஸ்ட்ரி படித்தவர் மறுபடி மைக்ரோபயாலஜியில் உட்கார வேண்டியிருக்கும். கோபப்படாதீர்கள், அங்கே ஏ வாங்குவது உங்களுக்குச் சுலபம், அந்த ஏ பின்னால் உதவும்.

அப்புறம் டீஸ் (TEAS) என்ற நர்சிங் நுழைவுத் தேர்வு. ரீடிங், கணக்கு, சயின்ஸ், இங்கிலீஷ். இங்கே கம்யூனிட்டி காலேஜ்களுக்கு 62 சதவீதம் தேர்ச்சி, ஆனால் புள்ளி முறையில் ஆள் எடுக்கும் காலேஜில் 62ஐ வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, 80க்கு மேல் போங்கள். சில காலேஜ்களில் புள்ளியே கிடையாது, வெறும் குலுக்கல். நான் நான்கு இடத்தில் போட்டு மூன்றாவது சுற்றில்தான் கிடைத்தது. ஒரு நல்ல சேதி, புள்ளி முறை வைத்திருக்கும் இடங்களில் இங்கிலீஷ் தவிர வேறு மொழி தெரிந்தால் தனிப் புள்ளி உண்டு, இந்தியத் துணைக்கண்டத்து மொழிகள் என்று சட்டத்திலேயே இருக்கிறது. தமிழுக்கு இந்த ஊரில் புள்ளி கிடைப்பது அபூர்வம், விடாதீர்கள். எப்படி நிரூபிப்பது என்பது காலேஜுக்குக் காலேஜ் வேறு, கவுன்சிலரிடம் கேளுங்கள்.

சான்ஹோசே சித்தப்பா:

படித்தது நான் இல்லை, என் மனைவி. நான் சோறு வடித்தேன்.

பணம்: கம்யூனிட்டி காலேஜில் கலிபோர்னியாவாசிக்கு ஒரு யூனிட் 46 டாலர். 70 யூனிட் என்று வைத்தாலும் 3,220 டாலர். புத்தகம், யூனிஃபார்ம், ஆன்லைன் டெஸ்ட் பேக்கேஜ், தடுப்பூசிச் சான்று, சி.பி.ஆர் கார்டு, கைரேகை என்று மேலே ஏறும், ஏறினாலும் தனியார் காலேஜ் வாங்குவதில் அது ஒரு மூலைக்கு வராது. "காத்திருக்கவே வேண்டாம், அடுத்த மாதமே சீட்" என்று விளம்பரம் செய்கிற இடத்தில் பணம் கட்டும் முன் மாநில நர்சிங் போர்டின் அங்கீகாரப் பட்டியலைப் பாருங்கள்.

ஏ.டி.என் அரைகுறைப் படிப்பு என்று நம்மவர்கள் நினைப்பது தப்பு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நர்ஸ் பற்றாக்குறை வந்தபோது மில்ட்ரெட் மோன்டாக் என்ற பேராசிரியர் 1951ல் தன் ஆய்வேட்டில் முன்வைத்த யோசனை இது, அடுத்த வருடமே சோதனைத் திட்டம் ஆரம்பமானது. அன்றிலிருந்து இரண்டு வருடக்காரரும் நான்கு வருடக்காரரும் எழுதுவது ஒரே லைசென்ஸ் தேர்வுதான், கழுத்தில் தொங்குகிற பேட்ஜிலும் அதே ஆர்.என் (பதிவு பெற்ற நர்ஸ்)தான்.

ஆனால் பெரிய ஆஸ்பத்திரிகளில் புதுசாகச் சேருகிறவர்களுக்குப் பி.எஸ்.என் கேட்கிறார்கள், அதை மறைக்கக் கூடாது. மனைவி முதல் 14 மாதம் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருந்துகொண்டே ஆன்லைனில் பி.எஸ்.என் முடித்தாள். சில கம்யூனிட்டி காலேஜ்கள் ஸ்டேட் யூனிவர்சிட்டியோடு கைகோத்து இரண்டையும் சேர்த்தே படிக்க வழி வைத்திருக்கின்றன, அப்படி ஒன்று கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேரலாம்.

வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை. கிளினிக்கல் (ஆஸ்பத்திரிப் பயிற்சி) நாளில் உங்கள் மனைவி காலை 5:15க்கு வண்டியை எடுப்பார், பிள்ளைகளுக்கு டிபன் கட்டுவது நீங்கள். இப்போதே மாவு அரைக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

மறுபடி வந்தவள்:

மேலே இருவரும் உள்ளே போகும் கதையைச் சொன்னார்கள், நான் உள்ளே போய் வெளியே விழுந்த கதையைச் சொல்கிறேன். இரண்டாவது செமஸ்டரில் 75 சதவீதம் தேர்ச்சி, என் சராசரி 74.4. அவ்வளவுதான், வெளியே. ஒரு வருடம் காத்திருந்து காலி இடம் வந்தபோது திரும்பச் சேர்ந்தேன். இன்னொரு முறை தவறினால் அத்தோடு சரி என்று கையெழுத்து வாங்கினார்கள்.

நான் ஏன் தோற்றேன் என்றால் நன்றாகப் படித்ததால். நம் ஊர் படிப்பு, புத்தகம் முழுக்க மஞ்சள் கோடு, கேட்டால் வரி வரியாகச் சொல்வேன். இங்கே கேள்வி அப்படி வராது. நான்கு பேஷண்ட், யாரை முதலில் பார்ப்பாய்? நாள்பட்ட நுரையீரல் நோய்க்காரர், ஆக்சிஜன் 90. ஆபரேஷன் முடிந்தவர், வலி 10க்கு 7. சர்க்கரை 180 உள்ளவர். காலையில் தெளிவாகப் பேசிவிட்டு இப்போது தான் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் குழம்புகிற பாட்டி. நான் 90ஐப் பார்த்துப் பதறி முதல் ஆளைத் தேர்ந்தெடுத்தேன். அவருக்கு 90 என்பது அவருடைய வழக்கமான எண், வலியும் சர்க்கரையும் கொஞ்சம் பொறுக்கும், பாட்டியின் குழப்பம்தான் புதுசு. புதுசாக மாறியது எது என்று பார்க்கிற கண் வரும்வரை எனக்கு 74தான் வந்தது. திரும்பி வந்த பிறகு புத்தகத்தைக் குறைத்துக்கொண்டு தினம் 50 கேள்வி போட்டு, தப்பான ஒவ்வொன்றுக்கும் ஏன் தப்பு என்று ஒரு நோட்டில் தமிழிலேயே எழுதி வைத்தேன்.

செய்முறைத் தேர்வும் லேசில்லை. பொம்மைக்குச் சிறுநீர்க் குழாய் போடும்போது ஸ்டெரைல் (கிருமி நீக்கிய) கிளவுஸ் போட்ட கை இடுப்புக்குக் கீழே ஒரு நொடி இறங்கியது, டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை, பேப்பரில் ஒரு கோடு கிழித்தார், முடிந்தது. இரண்டு வகை இன்சுலினை ஒரே சிரிஞ்சில் எடுக்க, கலங்கலான பாட்டிலுக்கு முதலில் காற்று, தெளிவானதற்கு அடுத்து, மருந்து எடுக்கும்போது தெளிவானது முதலில். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

லைசென்ஸ் தேர்வு 2024ல் எழுதினேன். குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150, நீங்கள் பதில் சொல்லச் சொல்ல அடுத்த கேள்வியின் கடினத்தைக் கம்ப்யூட்டரே முடிவு செய்யும். எனக்கு 85ல் ஸ்கிரீன் நின்றுவிட்டது. பாஸா ஃபெயிலா தெரியாமல் பார்க்கிங்கில் காரில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு போன புளிசாதத்தை முழுசாகத் தின்றேன். பாஸ்.

கோவைக்காரி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பாட்டி கேள்வியை வீட்டுக்காரரிடம் கேட்டேன், அவரும் 90தான் என்றார். ஒரு சந்தேகம், அந்த பெட்பேன் விஷயம், நிஜமாகவே எவ்வளவு?

இரவு ஷிஃப்ட்:

நிஜமாகவே உண்டு. உதவியாளர் இருப்பார், அவர் வேறு அறையில் இருந்தால் நீங்கள்தான். என் வார்டில் சட்டப்படி ஒரு நர்ஸுக்கு நான்கு பேஷண்டுக்கு மேல் தரக் கூடாது, அதனால் நின்று செய்ய நேரம் கிடைக்கும். சுத்தம் செய்யும்போதுதான் முதுகைப் பார்க்க முடியும், மலத்தில் ரத்தம் இருக்கிறதா என்று பார்க்க முடியும். உங்கள் அப்பாவின் குதிகாலைப் பார்த்த சிஸ்டர் செய்ததும் அதைத்தான். மாமியாரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், பலன் இருக்குமா தெரியாது, என் மாமியார் ஆறு வருடமாக என்னை டாக்டர் என்றுதான் ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கோவைக்காரி:

அனாட்டமி வகுப்பு செவ்வாய், வியாழன் மாலை ஒன்று இருக்கிறது. பார்த்தேன், வெயிட்லிஸ்டில் 9ஆவது இடம். வாய்ப்பு இருக்கிறதா?

மறுபடி வந்தவள்:

பெயரைப் போட்டுவிட்டு முதல் நாள் நேரில் போய் முதல் வரிசையில் உட்காருங்கள். வராதவர்களை அன்றே நீக்கிவிட்டு வந்திருப்பவர்களுக்கு ஆட் கோடு (வகுப்பில் பெயர் சேர்க்கும் எண்) கொடுப்பார்கள், நான் 14ஆவது இடத்திலிருந்து உள்ளே போனேன். ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், லேபில் குளிர் அடிக்கும்.