ஐப்டேசியா தொட்டி முழுக்கப் பரவுகிறது, ஜோவாவைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள்

களியக்காவிளை ரீஃப்:
எல்லோருக்கும் வணக்கம். 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி. பவள வகையில் ஜோவா, மஷ்ரூம், ஒரு லெதர் கோரல்; மீனில் ஒரு சிக்ஸ்லைன் ராஸ், ஒரு ஜோடி கிளௌன் இருக்கின்றன. உப்பு அடர்த்தி 1.025, வெயில் காலத்திலும் ஃபேன் போட்டு 27 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன். திருவனந்தபுரத்தில் ஒரு கடையில் வாங்கிய ஜோவா ஃப்ராக்கோடு (வெட்டி விற்கும் சின்னத் துண்டு) ஐப்டேசியா மாதிரி ஓர் அனிமோன் (பூப்போல விரியும் கடலுயிர்) வந்துவிட்டது, இப்போது கல் இடுக்கெல்லாம் அதுதான். பழுப்பு நிறம், உடம்பு ஊடுருவித் தெரிகிறது, குட்டித் தென்னை போல உச்சியில் மட்டும் விரிந்து நிற்கிறது. பைப்பெட் நுனி பட்டால் சட்டென்று பொந்துக்குள் போய்விடும். அதன் பக்கத்தில் இருக்கும் பச்சை ஜோவா வாயே திறப்பதில்லை. பிளேடு வைத்துச் சுரண்டிவிடு என்று வீட்டில் அண்ணன் சொல்கிறார். செய்யலாமா?

பாறசாலை:
சுரண்டவே வேண்டாம் தம்பி. அடிப்பாகத்தில் ஒரு துணுக்கு கல்லில் மிஞ்சினாலும் அது தனி அனிமோனாக வளரும். கைகளின் நுனி கூராக இருக்கிறதா, உருண்டையாகவா? உருண்டையாக, பச்சை கலந்து, குட்டையாக இருந்தால் அது மஜானோ என்ற வேறு அனிமோன். அதற்கு வைத்தியம் கொஞ்சம் வேறு.

களியக்காவிளை ரீஃப்:
கூராகத்தான் இருக்கிறது அண்ணா, நீளமும் கூட. ஒருமுறை தொட்டபோது உடம்பிலிருந்து வெள்ளை நூல் நூலாக ஏதோ வெளியே வந்தது.

பாறசாலை:
அப்போ ஐப்டேசியாதான். அந்த வெள்ளை நூல்தான் அதன் ஆயுதம். கொட்டும் செல்கள் அதில் நிறைய உண்டு, ஜோவா சுருங்கிக் கிடப்பது இந்தக் கொட்டு பட்டுத்தான்.

அருமனை:
கல்லை வெளியே எடுத்து, கொதிக்கிற தண்ணீரை ஊற்றிவிட்டால் ஒரே நாளில் வேலை முடிந்தது. இதற்கு எதற்கு இவ்வளவு யோசனை?

மார்த்தாண்டம் மூத்தவர்:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஜோவா ஒட்டியிருக்கும் கல்லில் கொதிநீர் படக்கூடாது. பல ஜோவாவிலும் அதன் உறவான பாலிதோவா இனங்களிலும் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு, சூட்டுக்கும் அது அழியாது, ஆவியோடு எழுந்து மூச்சில் போகும். 2018-ல் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்ட்ஷையர் பக்கம் ஒரு வீட்டில் தொட்டிக் கல்லை வெளியே எடுத்துத் துலக்கினார்கள், குடும்பமே ஆஸ்பத்திரிக்குப் போனது. வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள், அனிமோனை விட இதுதான் எனக்குப் பயம். ஜோவாவைக் கையாளும்போது கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி வழிக்கு வருவோம். கால்சியம் ஹைட்ராக்சைடு பொடி வாங்குங்கள், கால்க் என்று கடையில் சொல்வார்கள். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பும் இதே பொருள்தான், ஆனால் அதில் வேறு என்ன கலந்திருக்கும் என்று நமக்குத் தெரியாது, அதனால் தூய பொடியே நல்லது. கொஞ்சமாக ஆர்ஓ தண்ணீர் விட்டு, கெட்டியாக ஆனால் ஊசி வழியே இறங்கும் பதத்துக்குக் குழைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் கரைந்த நிலையிலேயே இதன் பிஎச் 12-க்கு மேல், தோலையும் கண்ணையும் அரிக்கும், அதை மறக்காதீர்கள். எல்லா பம்பையும் நிறுத்துங்கள், ஸ்கிம்மரையும் (கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி). தண்ணீர் அசையாமல் நின்றதும் அனிமோன் மேல் ஒரு துளி இறால் சாறு விட்டால் அது வாயைத் திறக்கும். மழுங்கிய ஊசியை மெல்லக் கொண்டுபோய், அது உள்ளே இழுத்துக்கொள்வதற்குள், வாய் நடுவே பேஸ்ட்டை இறக்குங்கள், சுற்றிலும் மூடிவிடுங்கள். வாய்க்குள் போனால்தான் பலன், மேலே தூவினால் சும்மா சுருங்கிவிட்டு மறுநாள் மீண்டும் எழுந்து நிற்கும். பத்துப் பதினைந்து நிமிடம் அப்படியே விட்டுவிட்டு, மிச்சப் பேஸ்ட்டைக் குழாயால் உறிஞ்சி எடுத்த பிறகு பம்பை ஓட விடுங்கள். 200 லிட்டர் தொட்டிக்கு ஒரு வேளைக்கு ஐந்தாறுக்கு மேல் வேண்டாம், பிஎச் எகிறும். பார்த்துக்கொண்டே செய்யுங்கள், 8.5-ஐ நெருங்கினால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள்.

குளச்சல்:
எலுமிச்சைச் சாறு, வினிகர் ஊசி போடுவதும் வேலை செய்யும், ஆனால் ஊசி உடம்புக்குள் சரியாக இறங்க வேண்டும், இல்லையென்றால் கிழிந்துபோன துண்டு எங்காவது போய் ஒட்டும். பெப்பர்மின்ட் இறால் விடலாமே?

மார்த்தாண்டம் மூத்தவர்:
விடலாம். சின்னதைத் தின்னும், பெரிய ஐப்டேசியாவைப் பெரும்பாலும் தொடாது. தீவனம் தாராளமாகக் கிடைத்தால் சின்னதையும் திரும்பிப் பார்க்காது, அதனால் தீவனத்தைக் குறையுங்கள். ஐப்டேசியாவும் மிச்சத் தீவனத்தில்தான் கொழுக்கிறது. ஆனால் கடையில் கேமல் இறாலைப் பெப்பர்மின்ட் என்று தள்ளிவிடுவார்கள், அது ஜோவாவையும் மஷ்ரூமையும் பிய்த்துத் தின்னும். பெப்பர்மின்ட் ஊடுருவித் தெரியும், உடம்பில் சிவப்புக் கோடுகள் மட்டும். வெள்ளைப் பட்டையும் முதுகில் திமிலும் பெரிய கண்ணும் இருந்தால் வாங்காதீர்கள்.

பாறசாலை:
பெர்கியா என்ற சின்னக் கடல் நத்தை கிடைத்தால் அதுதான் உத்தமம், ஐப்டேசியா தவிர வேறெதையும் தின்னாது. ஆனால் உங்கள் சிக்ஸ்லைன் ராஸ் இருக்கும் தொட்டியில் பெர்கியா தங்குமா என்பது சந்தேகம், பிடித்துத் தின்றுவிடும். ஐப்டேசியாவைத் தின்னும் என்று காப்பர்பேண்ட் பட்டர்ஃப்ளை மீனை 200 லிட்டரில் போடச் சொன்னால் கேட்காதீர்கள், தீவனம் எடுக்காமல் பட்டினியில் செத்துப்போகும், பார்க்கவே பாவமாக இருக்கும்.

அருமனை:
சரி, கொதிநீர் யோசனையை விட்டுவிடுகிறேன். கல்லை எல்லாம் தூக்கிப்போட்டுவிட்டு முட்டம் பக்கம் கடலில் புதுக்கல் எடுத்து வந்தால்?

மார்த்தாண்டம் மூத்தவர்:
கடல் கல்லிலும் இதே அனிமோன் வரும், நண்டும் சேர்ந்து வரும். அதோடு கல் பவளம் 2001 முதல் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, கடலில் கை வைக்காமல் இருப்பதே நல்லது. செராமிக் கல் போதும். இனி ஃப்ராக் வாங்கினால் பழைய பிளக்கை (ஃப்ராக் ஒட்டியிருக்கும் சின்ன அடிக்கட்டை) வெட்டி எறிந்துவிட்டுப் புது பிளக்கில் ஒட்டுங்கள், கோரல் டிப் என்ற மருந்துக் கரைசலில் முக்கினால் மட்டும் ஐப்டேசியா சாகாது. சம்ப் (தண்ணீரை வடிகட்டும் துணைத் தொட்டி), ஓவர்ஃப்ளோ (தண்ணீர் வழிந்து இறங்கும் இடம்), பம்பின் பின்பக்கம் எல்லாம் டார்ச் அடித்துப் பாருங்கள், அங்கேதான் ஒளிந்துகொண்டு மறுபடி வரும்.

களியக்காவிளை ரீஃப்:
ரொம்ப நன்றி அண்ணா. பொடியும் சிரிஞ்சும் வாங்கிவிட்டேன். பச்சை ஜோவாவை ஒட்டி இருப்பதிலிருந்து தொடங்கட்டுமா?

மார்த்தாண்டம் மூத்தவர்:
அதைக் கடைசியில் வையுங்கள். முதலில் தனியாக நிற்பதில் கை பழகட்டும். ஜோவா மேல் பேஸ்ட் சிந்தினால் அப்படியே விடாதீர்கள், பைப்பெட்டால் உடனே உறிஞ்சி எடுத்துவிடுங்கள். செய்துவிட்டு பிஎச் எவ்வளவு ஏறியது என்று இங்கே எழுதுங்கள்.