சந்திரபாபு நிலைச்சது குரலாலையா, உடம்பாலையா?

குளக்கட்டு (கிளிநொச்சி)
எங்கட பக்கத்துக் கோயில் திருவிழாவில இரவு நிகழ்ச்சிக்குப் பெடியள், பழைய தமிழ்ப்படங்களில பாடி ஆடின சிரிப்பு நடிகர் சந்திரபாபுவின்ர ஐற்றம் ஒண்டு செய்யப்போறாங்கள். ஒத்திகையிலேயே மூண்டு கட்சி. ஒரு கட்சி, பாட்டை வடிவாப் பாடினாக் காணும், அந்தாள் குரலாலதான் நிலைச்சவர் எண்டுது. மற்றக் கட்சி, ஆட்டமும் விழுகையும் இல்லாட்டி அது சந்திரபாபுவே இல்லை எண்டுது. மூண்டாவது கட்சிக்கு இது இரண்டும் இல்லை. அவர் விசர்ப்போக்கான ஆள், அந்தக் கதையளாலதான் சனம் இன்னும் கதைக்குதாம். ஆள் செத்தது 1974 மார்ச் 8, வயசு 46. ஐம்பது வருசம் தாண்டியும் பெடியள் அவரைத் தேடிப்போறதுக்குக் காரணம் என்ன? தெரிஞ்சவை நியாயத்தோட எழுதுங்கோ. மேடைக்கு உதவுற விசயமெண்டா இன்னும் நல்லம்.

பழையகசற் (மல்லாவி)
குரல்தான் தம்பி. வன்னியே அதுக்குச் சாட்சி.

1990களில, யுத்த நேரம், இஞ்ச மின்சாரம் இல்லை. பற்றறி தடைசெய்த பொருள். படம் பார்க்கிறதெண்டா ஜெனறேற்றரும் மண்ணெண்ணெயும் வேணும். ஆனா றேடியோ ஓடினது. சைக்கிளைத் தலைகீழா நிப்பாட்டி, ஒரு ஆள் கையால பெடலைச் சுத்த, டைனமோவில இருந்து கரண்ட். டைனமோ 6 வோல்ற், 3 வாற்ஸ், வாறது மாறுமின்னோட்டம். நாலு டையோட்டைப் பாலம் மாதிரிக் கட்டி, 1000 மைக்ரோ பரட் கொண்டென்சர் ஒண்டு போட்டா நாலு பெரிய பற்றறி போடுற றேடியோ பாடும். கொண்டென்சர் சிறுசெண்டா பாட்டுக்குப் பின்னால ஒரு உறுமல். இன்னொரு பிழை, லைற் பல்ப்பைக் கழட்டிப்போட்டு வேகமாச் சுத்திறது. றேடியோ இழுக்கிறது கொஞ்சக் கரண்ட், அப்ப வோல்ற் 6 இல நிக்காது, 10, 12 எண்டு ஏறி உள்ளுக்க இருக்கிறதை எரிச்சுப்போடும். அதுக்குத்தான் வோல்ற்றைக் கூட விடாமப் பிடிக்கிற 6.8 வோல்ற் சீனர் டையோட் ஒண்டைக் குறுக்க வைக்கிறது. கசற் ஓட்டிறதெண்டா வேற கரைச்சல். சுத்திற கை களைச்சா மோட்டர் இழுபட்டு, பாட்டு ஒரு சுரம் கீழ போகும்.

இவ்வளவு பாடுபட்டுச் சனம் கேட்டது என்ன? செய்தி, அதுக்குப் பிறகு பழைய பாட்டு. "உனக்காக எல்லாம் உனக்காக", "பம்பரக் கண்ணாலே", "குங்குமப் பூவே கொஞ்சும் புறாவே". அந்த ஆளின்ர முகத்தைக் காணாத சின்னப்பிள்ளையளும் முதல் எழுத்திலேயே "சந்திரபாபு" எண்டு சொல்லுங்கள். முகம் இல்லை, ஆட்டம் இல்லை, வாழ்க்கைக் கதையும் இல்லை. குரல் மட்டும் வந்தது.

இன்னொரு அத்தாட்சி: 1954 இல வந்த "பெண்" படத்தில "கல்யாணம் வேணும்" பாட்டுக்கு வாயசைச்சது வீணை எஸ். பாலசந்தர். பாடினது சந்திரபாபு. உடம்பு வேற ஆளின்ரது, ஆனா பாட்டு இண்டைக்கும் ஆற்ற பேரில கிடக்கு?

அண்ணாவிபேத்தி (முல்லைத்தீவு)
அண்ணை, அந்தச் சாட்சியையே நான் திருப்பிக் காட்டுறன். "சபாஷ் மீனா", 1958. சிவாஜியோட சரிக்குச் சரியா நிண்டு, இரட்டை வேடமும் செய்த படம். நடிப்பெண்டு யார் கதைச்சாலும் முதல் சொல்லுறது அதைத்தான். அதில சந்திரபாபுவும் சரோஜாதேவியும் வாற "காணா இன்பம் கனிந்ததேனோ" பாட்டைப் பாடினது ரி. ஏ. மோதியும் சுசீலாவும். குரல் வேற ஆளின்ரது, உடம்பு மட்டும்தான் அவற்றை. படம் குறைஞ்சதோ? 1996 இல "உள்ளத்தை அள்ளித்தா" எண்டு அதே கதையைத் திரும்ப எடுத்து ஓடவைச்சவை. கதையின்ர வலு சிரிப்புப் பாத்திரத்தில இருந்தபடியாத்தான் கவுண்டமணிக்கு அவ்வளவு இடம் கிடைச்சது.

இரட்டை வேடம் எண்டா இப்ப கணினியில இரண்டு நிமிச வேலை. அப்ப கமராவை அசையாமப் பூட்டி, லென்சின்ர அரைவாசியை மறைச்சு ஒரு பக்கத்தைப் படமாக்கி, பிலிமைப் பின்னுக்குச் சுத்தி, மற்ற அரைவாசியை மறைச்சுத் திரும்பப் படமாக்கிறது. நொடிக்கு 24 பிரேம், ஒரு அடி பிலிமில 16. நடிகன் வெறும் காத்தைப் பார்த்துக் கதைக்கோணும். எதிர்ப்பக்கத்து வசனம் எத்தினை நொடி எண்டதை மனசில எண்ணிக்கொண்டு, அந்த இடைவெளியில முகம் மாறோணும். அரை நொடி முந்தினாலும் ஒரு ஆள் மற்ற ஆளின்ர பேச்சை வெட்டிற மாதிரி வரும், முழு ஷொட்டும் குப்பை. ரிக்‌ஷாக்காரனா வாறபோது தோள் ஒரு பக்கம் சரிஞ்சிருக்கும், மெட்ராஸ் பாசை, நடையே வேற. மற்ற வேடத்தில அந்த நடையின்ர சாயல்கூட இல்லை. கூத்தில வேடம் கட்டிறவைக்கு விளங்கும், உடுப்பு மாத்தினா வேடம் மாறாது. கால் மாறோணும்.

பாலைமரம் (நெடுங்கேணி)
நீங்கள் இரண்டு பேரும் தொழிலைப் பற்றிக் கதைக்கிறியள், தம்பி கேட்டது புகழைப் பற்றி. 1950களில நல்லாப் பாடின சிரிப்பு நடிகர், நல்லா ஆடின சிரிப்பு நடிகர் கனபேர். அவையள் எங்க? சந்திரபாபு நிலைச்சது அவற்றை வாழ்க்கையாலதான். வாய்ப்புக் கிடைக்கேல்லையெண்டு ஜெமினி ஸ்டூடியோவில உயிரை விடப்போனது, கட்டின மனுசியின்ர மனசு வேற ஆளிட்ட எண்டு தெரிஞ்சதும் அவவை அவவின்ர வழிக்கே விட்டது, ஜனாதிபதி ராதாகிருஷ்ணன் முன்னால பாடிப்போட்டு அவற்றை மடியில போய் இருந்தார் எண்ட கதை. எம்.ஜி.ஆரை வைச்சுத் தொடங்கின "மாடி வீட்டு ஏழை" நிண்டுபோச்சுது. 1966 இல தானே இயக்கின "தட்டுங்கள் திறக்கப்படும்" ஓடேல்லை. கடைசிக் காலம் கடனும் குடியும். இதெல்லாம் சேர்ந்துதான் "பிறக்கும் போதும் அழுகின்றாய்" பாட்டைக் கேக்கிற ஆளுக்கு நெஞ்சு அடைக்குது. வெறும் தொண்டை வித்தைக்கு அடைக்காது.

பழையகசற்
நெஞ்சடைக்கிறது உண்மை. ஆனா முன்பின் மாறிப்போச்சு. அந்தப் பாட்டு வந்த "கவலை இல்லாத மனிதன்" படம் 1960. அப்ப ஆள் உச்சத்தில நிக்கிறார். அந்தப் படத்தால நொடிச்சுப்போனது தயாரிச்ச கண்ணதாசன்தான். அந்தப் பாட்டைக் கேட்டு அழுத சனத்துக்கு அவற்றை கடைசிக் காலம் தெரியாது, அது இன்னும் நடக்கவே இல்லை. டைனமோ றேடியோவில கேட்ட எங்கட சனத்துக்கும் ஜெமினிக் கதை தெரியாது. கதை பாட்டைத் தூக்கேல்லை, பாட்டுத்தான் கதையைத் தூக்கிக்கொண்டு வந்தது.

அந்த ஜனாதிபதி மடிக் கதை ஆளுக்கு ஆள் வேற மாதிரிச் சொல்லுப்படுது. மேடையில அதைச் சொல்லி ஆளை அறிமுகப்படுத்தாதேங்கோ. "சகோதரி"யைச் சொல்லுங்கோ. 1959. படம் எடுத்துப் பார்த்தா இழுபடுது எண்டு, ஏவி.எம். காரர் சந்திரபாபுவைப் பால்காரனா வைச்சுத் தனிச் சிரிப்புப் பகுதி எடுத்துச் சேர்த்தவை. "நான் ஒரு முட்டாளுங்க" அதில வந்ததுதான். முடிஞ்ச படத்தையே ஒரு ஆள் தூக்கி நிப்பாட்டினா, அதை விசர்ப்போக்கு எண்டு சொல்லேலாது. அது வேலை தெரிஞ்ச கை.

குளக்கட்டு
அண்ணை, பாடப்போற பெடியன் யோடலிங் எண்ட அந்தக் குரல் உடையிற இடத்தில தடுமாறுறான். சங்கீதம் பழகின பிள்ளை, சுருதி பிசகாது. ஆனா அந்த வெட்டு வருகுதில்லை.

பழையகசற்
சங்கீதம் பழகினபடியாத்தான் வருகுதில்லை. கமகம் பழகின தொண்டை ஒரு சுரத்தில இருந்து மற்றதுக்கு வழுக்கிப் போகும். யோடலிங் வழுக்கக்கூடாது, முறியோணும். நெஞ்சுக் குரலில தொண்டைக்குள்ள இருக்கிற குரல்நாண் தடிச்சு முழுசா அதிரும், பொய்க்குரலில மெலிஞ்சு ஓரம் மட்டும் அதிரும். ஒண்டில இருந்து மற்றதுக்குத் திடீரெண்டு மாறுற சத்தம்தான் அந்த வெட்டு. பாட்டு வாத்தியார் மறைக்கச் சொல்லித்தந்த இடத்தை இஞ்ச வெளியால காட்டோணும்.

ஒரு கட்டைச் சுருதியில பாடுற ஆம்பிளைக் குரலுக்கு, மேல் ஸ்தாயி ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையில எங்கையோ நெஞ்சுக் குரல் முடியும். அந்த இடத்தை முதல் கண்டுபிடிக்கச் சொல்லுங்கோ. கீழ இருந்து ஒவ்வொரு சுரமா "ஆ" எண்டு பலமா ஏறிப்போனா ஒரு இடத்தில குரல் தானா உடையும். அதுக்கு இரண்டு சுரம் கீழ "யோ" எண்டு நெஞ்சில பிடிச்சு, ஆறு சுரத் தூரம் மேல "லீ" எண்டு பாயோணும். கீழ வாய் திறந்த எழுத்து, மேல ஈ, ஊ மாதிரி ஒடுங்கின எழுத்து. மாறிச் சொன்னா வெட்டு மழுங்கும். முதல் கிழமை நொடிக்கு ஒருக்கா மாறினாக் காணும், பிறகு இரண்டு, பிறகு நாலு. ஒரு நாளைக்குப் பத்து நிமிசத்துக்கு மேல வேண்டாம். தொண்டை கிச்சுக்கிச்சு மூட்டினா அண்டைக்கு நிப்பாட்டோணும், இறுக்கிப் பிடிச்சுக் கத்தினா அடுத்த நாள் கதைக்கவும் ஏலாது.

பெடியன் சரியாப் பாடினாலும் மைக்காரர் கெடுப்பினம். கோயில் சவுண்ட் செற்றில எக்கோவைக் கூட்டி வைக்கிறது வழக்கம். எக்கோ கால் நொடிக்குப் பிறகு திரும்பி வரும். நொடிக்கு நாலுதரம் குரல் மாறுற பாட்டில, கீழ்ச் சுரத்தின்ர எக்கோ சரியா மேல்ச் சுரத்துக்கு மேல வந்து விழும். சனத்துக்கு ஊளை மாதிரித்தான் கேக்கும். அந்த ஐற்றத்துக்கு மட்டும் எக்கோவைப் பூச்சியத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கோ. மைக் வாய்க்கு நாலு விரல் தூரத்தில, நேர இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில.

இந்த வித்தை அமெரிக்காவில 1927 இல ஜிம்மி ரொட்ஜர்ஸ் இசைத்தட்டில பாடினது, இந்தியில கிஷோர் குமார் பாடினது. தமிழில அதைக் கேக்கிற ஆக்களின்ர வாயில நிக்கிற மாதிரிக் கொண்டுவந்தவர் தூத்துக்குடியில பிறந்து கொழும்பில படிச்ச இந்த ஆள்தான். அந்த மேல்நாட்டுப் பாணி அவருக்குக் கொழும்பில ஒட்டியிருக்கும் எண்டுதான் நான் நினைக்கிறன்.

அண்ணாவிபேத்தி
பாட்டுக்கு வழி சொல்லிப்போட்டியள் அண்ணை, சரி. ஆனா பெடியன் நிண்ட இடத்தில நிண்டு யோடலிங் செய்தா அது வானொலிதான், சந்திரபாபு இல்லை. விழுகை இல்லாம வேண்டாம்.

தம்பி, விழுறதைக் கவனமாப் பழக்குங்கோ. கனபேர் செய்யிற பிழை, பின்னுக்குச் சாய்ஞ்சு கையை ஊண்டுறது. மணிக்கட்டு முறியிறது அதாலதான். ஒரு கால் முன்னுக்கு வழுக்கோணும், மற்ற முழங்கால் அதோட மடியோணும், இடுப்பு நிலத்துக்கு ஒரு அடி கிட்ட வந்த பிறகுதான் உடம்பை விடுறது. முகவாய் நெஞ்சோட, மூச்சு வெளியால. முதல் நிலத்தில படுறது பிட்டத்தின்ர பக்கச் சதை, வால் எலும்பு படவே கூடாது. அதே கணத்தில உள்ளங்கையும் முழங்கை வரைக்குமான கையும் ஒண்டாப் பலகையில அடிக்கோணும். சனம் கேக்கிற "தடார்" அந்தக் கையின்ர சத்தம்தான், உடம்பு மெதுவாத்தான் இறங்கியிருக்கும். விழுந்த உடன முகத்தைக் கோணலாக்கக்கூடாது. ஒரு நொடி அப்பிடியே வெறிச்சுப் பார்க்கோணும். சிரிப்பு அந்த ஒரு நொடியிலதான் வரும், விழுகையில இல்லை. சந்திரபாபுவின்ர படத்தைச் சத்தத்தை நிப்பாட்டிப்போட்டுப் பாருங்கோ, அந்த வெறிச்ச நொடி ஒவ்வொருக்காலும் இருக்கும்.

மேடை என்ன? உழவுமிசின் பெட்டியெண்டா இரும்புத் தகடு, அதில ஒருக்காலும் விழவிடாதேங்கோ. மேல பலகை அடிச்சு, வைக்கோல் அடைஞ்ச சாக்கு நாலு பரப்பி, அதுக்கு மேல கம்பளம். சாக்குக்கும் சாக்குக்கும் இடையில வெளி விட்டா கால் அதுக்குள்ள மாட்டும், ஊசியால தைச்சு ஒண்டாக்குங்கோ.

பாலைமரம்
தங்கச்சி சொன்னதைக் கேட்டு அந்த ஒரு நொடியைப் பார்த்தன். ஒத்துக்கொள்ளுறன், அது பழகி எடுத்த வேலை. ஆனா அந்த வெறிச்ச முகத்தில சிரிப்போட ஒரு சோகமும் கிடக்குதெல்லோ? அது எங்கையிருந்து வந்தது? 1962 இல "அன்னை" படத்தில "புத்தியுள்ள மனிதர் எல்லாம்" பாட்டைக் கேளுங்கோ. கண்ணதாசன் எழுதினது, சுதர்சனத்தின்ர இசை. அதில குரலை உடைக்கிற வித்தை முன்னுக்கு வராது, விழுகையும் வேண்டாம். அப்பிடியிருந்தும் அவற்றை பாட்டுகளில இண்டைக்குக் கூடுதலாக் கேக்கிறது அதுதான் எண்டு நான் சொல்லுவன். அதுக்கு உங்கள் இரண்டு பேரிட்டையும் மறுமொழி இல்லை.

பழையகசற்
இருக்கு. வித்தை தெரிஞ்ச ஆள் வித்தையை அடக்கிப் பாடுறதுக்கும், வித்தையே தெரியாத ஆள் பாடுறதுக்கும் வித்தியாசம் காதுக்குத் தெரியும். அந்தப் பாட்டில அவர் சொல்லை இழுக்காம, பக்கத்தில இருக்கிற ஆளோட கதைக்கிற அளவிலதான் குரலை வைச்சிருக்கிறார். அப்பிடி மெதுவாப் பாடிச் சுருதியில நிக்கிறது, கத்திப் பாடுறதை விடக் கஷ்டம். சோகம் அவற்றை வாழ்க்கையில இருந்து வந்திருக்கலாம், நான் மறுக்கேல்லை. எங்கட காதுக்கு அது வந்து சேர்ந்த பாதை குரல்.

குளக்கட்டு
பெடியளோட கதைச்சிட்டம். "நான் ஒரு முட்டாளுங்க" ஆட்டத்தோடயும் ஒரு விழுகையோடயும். அது முடிய வெளிச்சத்தைக் குறைச்சு, அதே பெடியன் இருந்துகொண்டு "புத்தியுள்ள மனிதர் எல்லாம்". யோடலிங்கை இரண்டுக்கும் இடையில இருபது நொடி மட்டும், வாத்தியம் இல்லாமல். உடுப்பு சாரமும் பனியனும்.

அண்ணாவிபேத்தி
சாரம் எண்டா கரை கெண்டைக்காலுக்கு மேல நிக்கட்டும், கீழ இறங்கினா வழுக்கிற கால் அதில மாட்டும். முடிச்சை நம்பாமல் இடுப்புக்கு ஒரு பெல்ற், உள்ளுக்குக் காற்சட்டை. பாட்டு இரண்டாவதா இருக்கிறபடியா, விழுந்து எழும்பின பெடியனுக்கு மூச்சு வாங்கும். அந்த இருபது நொடி யோடலிங்கை முதல் பாட்டுக்கு முன்னால மாத்துங்கோ, இடையில உடுக்குக்காரனை வாசிக்க விடுங்கோ.