டைட்டானியம் கைப்பிடியைக் கறுப்பாக்க முடியுமா? எனக்கு நீலம்தான் வருகிறது

பட்டறைவாசல் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் லெதர்மேன் சார்ஜ் டிடிஐ (பிளையர், கத்தி எல்லாம் ஒன்றாக மடங்கும் மல்டிடூல்) ஒன்று இருக்கிறது, 2018-க்கு முந்தைய மாடல், இன்னொருவர் கையிலிருந்து வாங்கியது. கைப்பிடியின் டைட்டானியம் தகடு இரண்டும் நல்ல நிலையில்தான் இருக்கின்றன, ஆனால் வெளிறிய சாம்பல் நிறம், கீறல் வேறு நிறைய. அதை முழுக் கறுப்பாக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. அப்படியே பிளையர் தலையை எடுத்துவிட்டு அதே நிறுவனத்தின் வேவ் பிளஸ் மாடலில் வரும் தலையைப் போடவும் நினைக்கிறேன். என்னுடையதில் கம்பி வெட்டும் இடத்தில் ஒரு பள்ளம் விழுந்துவிட்டது, வேவ் பிளஸ்ஸில் அந்த வெட்டும் துண்டை மட்டும் கழற்றி மாற்றலாம் என்பதால்தான் இந்த யோசனை.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே முயன்று பார்த்தேன். சமையல் சோடா கரைத்த தண்ணீர், 9 வோல்ட் பேட்டரி மூன்றைத் தொடராக இணைத்து 27 வோல்ட், மைனஸில் எவர்சில்வர் கரண்டி, பிளஸ்ஸில் தகடு. தண்ணீரில் இறக்கியதும் முதலில் வைக்கோல் நிறம் வந்தது, அப்புறம் பழுப்பு, அப்புறம் கத்தரிப்பூ நிறம், எண்ணிப் பத்து விநாடிக்குள் நல்ல நீலம், அதோடு நின்றுவிட்டது. நான் பிடித்திருந்த மூலையில் கட்டைவிரல் ரேகை மட்டும் வரிவரியாகப் பழுப்பாகவே இருக்கிறது. பார்க்க அழகுதான், ஆனால் எனக்கு வேண்டியது கறுப்பு. இன்னும் வோல்ட்டைக் கூட்டினால் கறுப்பு வருமா? இல்லை ஏதாவது ஆசிட்டில் போட வேண்டுமா? கத்தியையும் கூடவே கறுப்பாக்கலாமா?

மின்தொட்டி எழுதியது:

வோல்ட்டைக் கூட்டிக் கறுப்பு வராது தம்பி, எவ்வளவு கூட்டினாலும் வராது. டைட்டானியத்தின் மேல் நீங்கள் வளர்த்தது சாயம் இல்லை, சில பத்து நானோமீட்டர் தடிமனில் கண்ணாடி போன்ற ஒரு ஆக்சைடு படலம். மழைத் தண்ணீரில் எண்ணெய் மிதக்கும்போது நிறம் தெரிகிறதே, அதே கதைதான். படலத்தின் மேல்புறம் பட்டுத் திரும்பும் ஒளியும் அடிப்புறம் பட்டுத் திரும்பும் ஒளியும் சேரும்போது சில நிறம் வலுக்கும், சில நிறம் அடங்கும். வோல்ட்டு கூடினால் படலம் தடிக்கும், நிறம் மாறும். உங்கள் நீலத்துக்கு அப்புறம் வெளிர் நீலம், மஞ்சள், இளஞ்சிவப்பு, 100 வோல்ட்டு பக்கம் போனால் பச்சை என்று போய்க்கொண்டே இருக்கும். எல்லா நிறமும் ஒன்றாக அடங்கினால்தானே கறுப்பு, அது இந்த வழியில் நடக்காது. 100 வோல்ட்டு ஈரக்கையில் பட்டால் என்ன ஆகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ரேகை நின்றது கை எண்ணெயால். பாத்திரம் துலக்கும் பச்சை நாரை ஈரமாக்கித் தேய்த்தால் நீலம் மொத்தமும் போய்விடும், அவ்வளவு மெல்லிய படலம்தான் அது. அதற்கப்புறம் அசிட்டோனில் கழுவி, கையுறை போட்டு எடுங்கள்.

வீட்டிலேயே ஓரளவு இருட்டான நிறம் போதும் என்றால், மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிவிட்டு 18 வோல்ட்டில் நிறுத்துங்கள். பளபளப்பு இல்லாததால் பழுப்பும் கத்தரிப்பூவும் கலந்த ஒரு மங்கல் நிறம் வரும், நிழலில் கறுப்புக்குப் பக்கத்தில் இருக்கும். கேஸ் டார்ச்சில் சூடு காட்டியும் நிறம் ஏற்றலாம், நான் செய்திருக்கிறேன், ஆனால் இந்தத் தகட்டுக்கு வேண்டாம். ஓரமும் திருகு ஓட்டையைச் சுற்றியும் மெல்லிசு, அங்கே சீக்கிரம் சூடேறி நீலம் தாண்டிப் போய்விடும், நடுவில் இன்னும் வைக்கோல் நிறத்திலேயே நிற்கும்.

ஆசிட் பற்றிக் கேட்டீர்கள். டைட்டானியத்தைச் சுலபமாக அரிப்பது ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட். அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். நீர்த்த நிலையில் தோலில் பட்டால் உடனே எரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் வலி தெரியும், அதற்குள் உள்ளே இறங்கி உடம்பிலுள்ள கால்சியத்தைப் பிடித்துவிடும், இதயம் வரை பாதிக்கும். கால்சியம் குளுக்கோனேட் ஜெல் பக்கத்தில் இல்லாமல் தொழிற்சாலையிலேயே அதைத் தொடமாட்டார்கள். சொரசொரப்பு வேண்டுமானால் சாண்ட் பிளாஸ்டிங் (மணல் போன்ற துகளைக் காற்றோடு வேகமாக அடிப்பது) போதும்.

சேம்பர்450 எழுதியது:

நான் கோட்டிங் வேலையில் இருப்பவன், டிரில் பிட், எண்ட் மில், அச்சு இதெல்லாம்தான் எங்களிடம் வரும். நீங்கள் தேடும் கறுப்பு டிஎல்சி. வைரம் போன்ற கட்டமைப்புள்ள கார்பன், வெற்றிடச் சேம்பரில் 2, 3 மைக்ரான் தடிமனுக்குப் படியும். நிஜமான கறுப்பு, சாவிக்கொத்தோடு பையில் கிடந்தாலும் லேசில் கீறாது. டைட்டானியத்தில் நன்றாகவே பிடிக்கும்.

ஆனால் கத்தியையும் சேர்த்துக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு விஷயம் கேட்டே ஆகவேண்டும்: எத்தனை டிகிரியில் போடுவீர்கள்? வெட்டுக்கருவிக்குப் போடும் தங்க நிற டைட்டானியம் நைட்ரைடு வகைக் கோட்டிங் 450 டிகிரிப் பக்கத்தில் ஓடும். ஹைஸ்பீடு ஸ்டீல் டிரில் 550 டிகிரியில் டெம்பர் (கடினமாக்கிய உருக்கை மறுபடி சூடாக்கிப் பதப்படுத்துவது) ஆனது, அதனால் அதற்கு ஒன்றும் ஆகாது. உங்கள் கத்தி எஸ்30வி, வழக்கமாக 200 முதல் 315 டிகிரிக்குள் டெம்பர் செய்யும் உருக்கு. 450-ல் மணிக்கணக்கில் இருந்தால் கடினமும் துருவை எதிர்க்கும் குணமும் கெட வாய்ப்பு உண்டு. பிளையர் தலைக்கும் இதே பயம்தான். டைட்டானியம் தகடு மட்டும் என்றால் கவலையே இல்லை.

முன்பு வேலை பார்த்த இடத்தில் என் சொந்தக் கத்தி ஒன்றை யாரும் கேட்காமல் டிரில் லோடோடு சேர்த்துப் போட்டுவிட்டார்கள். வெளியே வந்தபோது தங்கம் மாதிரி மின்னியது, கண் எடுக்க முடியவில்லை. தேங்காய் நார்க் கயிறு நாலு வெட்டியதும் முனை மடங்கிவிட்டது. விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தால் கூர்முனை நெடுகச் சின்னச் சின்ன வெள்ளைக் கோடாகத் தெரிந்தது, மடங்கிய இடமெல்லாம் ஒளியைத் திருப்புகிறது. சாணை பிடித்துப் பார்த்தேன், மறுபடியும் அதே. எனக்கு அது ரொம்பப் பிரியமான கத்தி, இன்னும் வைத்திருக்கிறேன். டிஎல்சி 200 டிகிரிக்குள் போடும் இடங்கள் இருக்கின்றன, அங்கே மட்டும் கத்தியைக் கொடுங்கள்.

இன்னொன்று, கோட்டிங் கீறலை மறைக்காது. அடியில் என்ன இருக்கிறதோ அப்படியே கறுப்பாகத் தெரியும். பாலிஷ் போட்டால் பளபளக் கறுப்பு, பிளாஸ்டிங் செய்தால் மேட் கறுப்பு. முதலில் மேற்பரப்பை முடிவு செய்யுங்கள்.

திருகுப்பெட்டி எழுதியது:

உதிரி மாற்றுவது பற்றி நான் சொல்கிறேன். வேவ் பிளஸ் தலை பழைய சார்ஜில் உட்காரும், செய்திருக்கிறேன். வேவும் சார்ஜும் ஒரே சட்டகம் மாதிரிதான், வெளிக் கத்திகளைக்கூட ஒன்றுக்கொன்று மாற்றலாம். கழற்றுவதற்கு நடுவில் துளை உள்ள டார்க்ஸ் பிட் (ஆறு முனை நட்சத்திர வடிவம்) வேண்டும், சாதாரண பிட் திருகுக்குள் இறங்காது. மலிவு பிட் வாங்காதீர்கள், முனை முறுக்கிக்கொண்டு திருகுத் தலையையும் கெடுத்துவிடும். திருகு அசையவில்லை என்றால் பலம் கொடுக்காமல் சோல்டரிங் அயர்ன் முனையைத் திருகுத் தலையில் ஒரு நிமிடம் வையுங்கள், உள்ளே இருக்கும் லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) இளகிவிடும்.

ஒவ்வொரு துண்டையும் எடுத்த வரிசையிலேயே வெள்ளைத் துணியில் அடுக்கிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்று அப்புறம் நினைவிருக்காது, எண்ணெய் ஒட்டி இரண்டு வாஷர் ஒன்றாக வந்து ஒன்று காணாமல் போனதாகத் தோன்றும். அந்த வாஷருக்குப் பதில் டைட்டானியம் வாஷர் போடலாம் என்று சிலர் சொல்வார்கள், வேண்டாம், டைட்டானியம் உரசும் இடத்தில் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும் உலோகம்.

வரிசை முக்கியம். முதலில் புதுத் தலையைப் போட்டு முழுதாகக் கோர்த்து, ஒரு வாரம் பயன்படுத்திப் பாருங்கள். எல்லாம் சரி என்றால் மறுபடி கழற்றிக் கோட்டிங்குக்குக் கொடுங்கள். கோர்க்கும்போது நீல லாக்டைட் ஒரு சொட்டு போதும், சிவப்பு வேண்டாம். நிறுவனம் தரும் 25 வருட உத்தரவாதம் இப்படி மாற்றியதற்குச் செல்லாது, அதை மனதில் வைத்துச் செய்யுங்கள்.

பட்டறைவாசல் எழுதியது:

ரொம்ப நன்றி அண்ணே, மூன்று பேருக்கும். பச்சை நாரில் தேய்த்துப் பார்த்தேன், ஐந்தே நிமிடத்தில் நீலமும் ரேகையும் போய்விட்டன. கத்தியை அப்படியே வெள்ளையாகவே விட்டுவிடுகிறேன், தகடு இரண்டும் கிளிப்பும் மட்டும் கொடுக்கலாம் என்று முடிவு. இரண்டு கேள்வி. டிஎல்சிக்குப் பதில் செராகோட் அடித்தால் என்ன? இவ்வளவு சின்னச் சாமானைக் கோட்டிங் போட யாராவது எடுத்துக்கொள்வார்களா?

சேம்பர்450 எழுதியது:

செராகோட் பெயிண்ட் வகை, சுமார் 25 மைக்ரான் தடிமன். தகட்டின் வெளிமுகத்துக்குப் பரவாயில்லை, ஆனால் திருகு உட்காரும் குழியிலும் கத்தி உரசும் ஓரத்திலும் இடம் இறுகும், அங்கேதான் முதலில் உரியும். டிஎல்சியில் அந்தப் பிரச்சினை இல்லை.

ஒரு சாமானுக்கென்று யாரும் தனி லோடு போடமாட்டார்கள். உங்கள் வெப்பநிலையில் ஓடும் அடுத்த லோடில் மூலையில் தொங்கவிடச் சொல்லுங்கள், இரண்டு மூன்று வாரம் பொறுக்க வேண்டிவரும். கிளிப் ஸ்பிரிங் உருக்கு, அதற்கும் 200 டிகிரிக்குள் என்பதைச் சொல்லிவிடுங்கள். திருகு ஓட்டையில் ஒட்டியிருக்கும் லாக்டைட்டை ஊசியால் சுரண்டி அசிட்டோனில் ஊறவைத்துக் கொடுங்கள், வெற்றிடத்தில் அது வாயுவைக் கக்கி மற்றவர்களின் சாமானையும் சேர்த்துக் கெடுக்கும். கம்பி கோர்த்துத் தொங்கவிடும் இடத்தில் கோட்டிங் படியாது, அதனால் எந்த ஓட்டையில் கோர்க்க வேண்டும் என்று நீங்களே காட்டிக் கொடுங்கள். திருகுத் தலை மூடும் ஓட்டையைக் காட்டுங்கள், வெளியே தெரியாது.