உதவி: உழைக்கும் வயது வரைபடம் நடுவில் பள்ளம் விழுகிறது, அவசரம்

ஐந்துரோடு தேவி
வியாழக்கிழமை வைவா. உழைக்கும் வயது மக்கள்தொகை காலப்போக்கில் எப்படி மாறியது என்பதுதான் என் எம்.ஏ. ஆய்வேடு. எக்செல்லில் கோடு போட்டால் மாவட்டக் கோடு நடுவில் தொபுக்கென்று விழுகிறது, நாட்டுக் கோடு கடைசியில் எகிறுகிறது. கூட்டலை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். கைடு பார்த்துவிட்டு "இது எப்படிம்மா?" என்று மட்டும் கேட்டார். என்ன தப்பு? சீக்கிரம் சொல்லுங்கள்.

சேகோ மில்
எந்த மாவட்டம்? எந்த நாடு? எந்த வருடத்தில் விழுகிறது? எந்த வயதிலிருந்து எந்த வயது வரை? சோழி போட்டா பார்க்க முடியும்?

ஐந்துரோடு தேவி
சேலம்தான். நாடு இந்தியா, வேறென்ன? 1971 முதல் 2021 வரை. 1991க்கும் 2001க்கும் நடுவில் விழுகிறது.

அன்னதானப்பட்டி
கூட்டல் சரியாகத்தான் இருக்கும், ஊர்தான் காலி. எங்கள் தெருவில் கொலுசுப் பட்டறை வைத்திருந்தவர்களின் பிள்ளைகள் பாதிப் பேர் பெங்களூரு, திருப்பூர் என்று போய்விட்டார்கள்.

மேட்டூர்க்காரன்
எனக்கு வேறு தோன்றுகிறது. பெண் சிசுக்கொலை. தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992இல் முதலில் சேலத்தில் தொடங்கியது சும்மா இல்லை. அந்தப் பிள்ளைகள் இருந்திருந்தால் கோடு விழுமா?

புள்ளிக்கணக்கு
விழும். 1986க்குப் பிறகு பிறந்த யாரும் 2001இல் 15 வயதைத் தொடவில்லை, இந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள். பிறப்பு குறைந்தது உழைக்கும் வயதில் தெரிய 15 வருடம் பிடிக்கும். அதுவும் மெல்லிய சரிவாகத்தான் தெரியும், கிணறு மாதிரி அல்ல. ஜப்பானில் 15–64 வயதினர் 1995இல் உச்சம் தொட்டார்கள், சுமார் 8.7 கோடி. அது 7.4 கோடியளவுக்கு இறங்கக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. சீனாவில் 2012இல் 15–59 வயதினர் 34.5 லட்சம் குறைந்தார்கள் என்று அவ்வளவு பேச்சு. அங்கே அது அரை சதவீதம்கூட இல்லை. இதெல்லாம் முதல் பருவப் பாடம். அட்டவணையின் அடிக்குறிப்பைப் படிக்கும் பழக்கம் இப்போது யாருக்கு இருக்கிறது? வயது வரம்பைக் கேட்டார்கள், அதற்கும் பதில் இல்லை.

ஏற்காட்டுக் காபி
கணக்கு என்னவோ இருக்கட்டும்ங்க, மலையில் ஆள் இல்லை என்பது நிஜம். டிசம்பரில் பழம் பழுத்து நிற்கிறது, பறிக்கக் கை இல்லை. என் தோட்டத்தில் மிளகுக் கொடிக்கு ஏணி வைத்து ஏறுகிறவருக்கு வயது 61. மகன் சென்னையில் டெலிவரி வேலை.

சேகோ மில்
ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள். நீங்கள் கொடுக்கும் கூலிக்கு ஆள் இல்லை. கூலியைச் சொல்லுங்கள், ஆத்தூர்ப் பக்கமிருந்து இருபது பேரை நான் அனுப்புகிறேன்.

ஏற்காட்டுக் காபி
உங்கள் மில்லில் இந்தி பேசுகிறவர்கள் எத்தனை பேர் என்று முதலில் சொல்லுங்க.

சேகோ மில்
பதினொரு பேர். அவர்களும் கூலிக்குத்தான் வந்தார்கள், நம் ஊரில் பிள்ளை பிறக்கவில்லை என்று வரவில்லை.

அன்னதானப்பட்டி
இரண்டும்தான். 2011லேயே தமிழ்நாட்டில் 60 தாண்டியவர்கள் 10.4 சதவீதம், நாடு முழுவதற்கும் 8.6. இங்கே ஒரு பெண்ணுக்கு 1.8 பிள்ளை என்று 2019–21 குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இனி இருபது பேரை எங்கே போய்ப் பிடிப்பீர்கள்?

கிச்சிப்பாளையம்
ஏங்க, நாமக்கல்லை எல்லோரும் மறந்துவிட்டீர்களா? 1997 ஜனவரியில் அது தனி மாவட்டமானது. 1991இல் சேலம் மாவட்டத்தில் சுமார் 39 லட்சம் பேர், 2001இல் சுமார் 30 லட்சம். ஆட்கள் எங்கும் ஓடவில்லை, ராசிபுரமும் திருச்செங்கோடும் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. 2001க்கும் 2011க்கும் நாமக்கல்லைச் சேர்த்துப் போட்டுப் பாருங்கள்.

புள்ளிக்கணக்கு
அடிக்குறிப்பு என்று நான் சொன்னது அதைத்தான். நல்லவேளை 1961இலிருந்து தொடங்கவில்லை, 1965இல் தருமபுரி பிரிந்த பள்ளமும் சேர்ந்திருக்கும்.

மேட்டூர்க்காரன்
நாமக்கல் என்று அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ஐயா.

கிச்சிப்பாளையம்
தேவி, இன்னொன்று. 2021இல் நம் நாட்டில் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அந்தப் புள்ளியை எங்கிருந்து எடுத்தீர்கள்? ஐ.நா. அல்லது உலக வங்கித் தளம் என்றால் அவர்கள் கொடுப்பது பெரும்பாலும் 15–64. சென்சஸ் அட்டவணையில் நீங்கள் 15–59தான் கூட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 2011இல் 60–64 வயதில் மட்டும் மூன்றரைக் கோடிக்கு மேல் இருந்தார்கள். இப்போது இன்னும் கூடுதல். அத்தனை பேரும் கடைசிப் புள்ளியில் மட்டும் ஏறி உட்கார்ந்தால் கோடு எகிறத்தான் செய்யும். ஏற்காட்டில் ஏணி ஏறும் பெரியவரையே பாருங்களேன், ஒரு கணக்கில் இருக்கிறார், இன்னொன்றில் இல்லை.

எல்லா வருடத்துக்கும் ஒரே வரம்பு வையுங்கள். 15–59 என்றால் 2011க்கு அப்புறம் அரசின் தொழில்நுட்பக் குழு வெளியிட்ட மக்கள்தொகைக் கணிப்பை எடுக்கலாம். 2011இல் 60.7 சதவீதமாக இருந்த இந்த வயதினர் பங்கு 2036இல் 64.9 ஆகும் என்கிறார்கள். அந்தப் பகுதியை மட்டும் புள்ளிக் கோடாகப் போடுங்கள், எண்ணியது வேறு, கணித்தது வேறு. அடுத்த எண்ணிக்கை 2027இல்தான்.

ஐந்துரோடு தேவி
நாமக்கல் சேர்த்தேன், பள்ளம் போச்சு!! ரொம்ப நன்றி அண்ணா. வைவா முடிந்ததும் வருகிறேன்.

கிச்சிப்பாளையம்
அண்ணா இல்லை, அக்கா. 2021 புள்ளியை மாற்றினீர்களா?

கிச்சிப்பாளையம்
தேவி?

அன்னதானப்பட்டி (12 நாள் கழித்து)
வைவா என்ன ஆச்சு என்று யாருக்காவது தெரியுமா?

ஏற்காட்டுக் காபி
அது இருக்கட்டும்ங்க. அந்த இருபது பேர் எப்போது வருகிறார்கள்?