ஐந்து நாடு, 15 இரவு, அப்பா அம்மாவுடன்: இந்தத் திட்டத்தில் எங்கே இடிக்கிறது?

ஜன்னலோரம்:
எல்லோருக்கும் வணக்கம். அப்பா அம்மாவின் 40-வது கல்யாண நாளுக்கு அவர்களை ஐரோப்பா கூட்டிப்போகிறோம். அவர்கள் இருவர், நானும் மனைவியும். செப்டம்பர் 24 கிளம்புகிறோம். நாலு வருஷமாக இதற்கென்றே சேர்த்த பணம், அதனால் ஹோட்டலிலும் ரயில் வகுப்பிலும் குறை வைப்பதாக இல்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி. சமதரையில் நன்றாக நடப்பார், படி என்றால் சிரமம். அம்மாவுக்கு டூலிப் தோட்டம் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

ஏஜென்ட் போட்டுக் கொடுத்தது: பாரிஸ் 3 இரவு, லண்டன் 3, ஆம்ஸ்டர்டாம் 2, ஜெர்மாட் (சுவிஸ் மலையூர்) 2, கோமோ ஏரி (இத்தாலி) 2, வெனிஸ் 3. போகவர டிக்கெட் பாரிஸுக்கே. கடைசி நாள் காலையில் வெனிஸிலிருந்து தனி டிக்கெட்டில் பாரிஸ் வந்து, மதியம் வீட்டுக்கு விமானம். பிரான்ஸ் வழியாக ஷெங்கன் விசா (ஐரோப்பாவில் பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா), ஒற்றை நுழைவு, அதாவது ஒருமுறைதான் உள்ளே போகலாம் என்று படிவமும் நிரப்பிவிட்டார், இன்னும் கொடுக்கவில்லை. எங்களுக்குப் பிரிட்டன் விசாவும் வேண்டும். சுவிஸ் மலைகள் வழியாகப் போகும் கிளேசியர் எக்ஸ்பிரஸ் ரயிலுக்கு இதில் இடமே இல்லை என்கிறார். எங்கேயோ இடிக்கிறது, எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

நாடோடி67:
படிவத்தைக் கொடுக்காதீர்கள் நண்பரே.

பாரிஸிலிருந்து லண்டன் போனால் ஷெங்கனை விட்டு வெளியே வந்தாயிற்று. ஒற்றை நுழைவு அங்கேயே தீர்ந்தது. ஆம்ஸ்டர்டாம் போக லண்டனில் ஏறவே விடமாட்டார்கள். லண்டனை முதலில் வைத்துவிட்டால் இந்தச் சிக்கலே கிடையாது. அங்கிருந்து யூரோஸ்டார் ரயிலில் இரண்டேகால் மணி நேரத்தில் பாரிஸ், அதன்பிறகு கடைசிவரை ஷெங்கனுக்குள்ளேயே. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் உண்டு.

அடுத்தது, எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் கணக்கில் இத்தாலி 5 இரவு, பிரான்ஸ் 3. முதலில் நுழையும் நாடு என்பதெல்லாம் நாள் கணக்கு சமமாக வந்தால்தான்.

ஷெங்கனுக்குப் பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். பிரிட்டனுக்கு 3 மாதம் முன்பிருந்துதான். அதனால் முதலில் இத்தாலி, பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் பிரிட்டன். காப்பீடு குறைந்தது 30,000 யூரோ என்பது விசா விதி. பெரியவர்களுக்கு அதோடு நிறுத்தாமல், ஏற்கெனவே உள்ள உடல் தொந்தரவுகளையும் சேர்த்துக்கொள்ளும் பாலிசியாகப் பாருங்கள்.

அந்த வெனிஸ்-பாரிஸ் தனி டிக்கெட்தான் எனக்கு ரொம்பப் பயம். அது தாமதமானால் அடுத்த விமானக் கம்பெனிக்கு எந்தப் பொறுப்பும் இல்லை, நாலு பேர் டிக்கெட்டும் போய்விடும். 'மல்டி சிட்டி' என்று தேடி, லண்டனில் இறங்கி வெனிஸில் ஏறுவதுபோல் ஒரே டிக்கெட்டாக எடுங்கள்.

ஈரக்காற்று:
தம்பி, அம்மாகிட்ட இப்பவே சொல்லிடுங்க. டூலிப் வசந்தத்துலதான் பூக்கும். ஆம்ஸ்டர்டாம் பக்கத்துல இருக்குற கொய்கென்ஹாஃப் டூலிப் தோட்டம் மார்ச் நடுவுல திறந்து மே நடுவுல மூடிடுவாங்க. செப்டம்பர்ல போனா வெறும் வயல்தான் இருக்கும், பாவம் ஏமாந்துடுவாங்க.

வெனிஸ் பத்தியும் சொல்லணும். மாமியாரோட போனோம். ஹோட்டல் அருமையான ஹோட்டல், மேப்புல ரயில் நிலையத்துலேர்ந்து ஏழு நிமிஷ நடைன்னு காட்டிச்சு. அந்த ஏழு நிமிஷத்துல மூணு பாலம், மூணும் ஏறி இறங்குற கல்படி. ரெண்டாவது பாலத்துல நடுப்படியிலயே அத்தை உட்கார்ந்துட்டாங்க. ஒரு கை கைப்பிடிச் சுவர்ல, இன்னொரு கை முழங்கால்ல. பின்னாடி வர்றவங்களுக்கு வழி விடணும்னு எழுந்திருக்கப் பார்க்கிறாங்க, முடியல. நான் ரெண்டு பெட்டியையும் மேல வச்சுட்டு ஓடி வந்தேன். இன்னைக்கும் அதை நினைச்சா எனக்கு மனசு கஷ்டமா இருக்கு, முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேன்னு.

அந்த ஊர்ல 400க்கு மேல பாலம் இருக்கு, முக்காவாசிக்கு மேல படிதான். அதனால ஹோட்டல்காரங்களுக்கு எழுதிக் கேளுங்க: உங்க வாசல்லயே படகு நிற்குமா? லிஃப்ட் தரைத்தளத்துலேர்ந்தே உண்டா, இல்ல லிஃப்டுக்குப் போகவே நாலு படியா? ரயில் நிலையத்துக்கு எதிர்லயே வாட்டர் டாக்சி கிடைக்கும், நேரா வாசல்ல இறக்கிடுவாங்க. பணம் செலவழிக்கணும்னா அங்க செலவழிங்க. ரெண்டு அறைக்கும் நடுவுல கதவு வேணும்னா 'உறுதி'ன்னு மெயில்ல வாங்குங்க. 'முயற்சி செய்கிறோம்'னு வந்தா நம்பாதீங்க.

மலைரயில்:
ஆம்ஸ்டர்டாம் போகாவிட்டால் கிளேசியர் எக்ஸ்பிரஸுக்குத் தாராளமாக இடம் இருக்கிறது. ஏஜென்ட் அதைச் சும்மா சுற்றிப் பார்க்கும் ரயிலாக நினைக்கிறார். உங்களுக்கு அது போகும் வழியே.

ஜெர்மாட்டிலிருந்து காலையில் ஏறினால் சுமார் எட்டு மணி நேரத்தில் சுவிட்சர்லாந்தின் இன்னொரு மலையூரான செயின்ட் மோரிட்ஸ். 91 சுரங்கம், 291 பாலம், நடுவில் 2,033 மீட்டரில் ஓபரால்ப் கணவாய். செயின்ட் மோரிட்ஸில் ஒரு இரவு. மறுநாள் பெர்னினா ரயில். 2,253 மீட்டர் வரை ஏறி, அப்படியே இத்தாலியில் டிரானோவில் இறக்கிவிடும். டிரானோவிலிருந்து மிலான் போகும் ரயில் கோமோ ஏரிக்கரையில் வரேன்னாவில் நிற்கும். ஒரு இடத்தில்கூடத் திரும்பி வர வேண்டியதில்லை. கிளேசியர் எக்ஸ்பிரஸ் அக்டோபர் நடுவில் நின்று டிசம்பர் நடுவில்தான் மறுபடி ஓடும், உங்கள் தேதி அதற்குள் வந்துவிடுகிறது.

பெரிய பெட்டிகளை, பாரிஸிலிருந்து ஜெர்மாட் வரும் வழியில் ஜெனீவா நிலையத்திலேயே கொடுத்து, செயின்ட் மோரிட்ஸ் நிலையத்துக்கு அனுப்பிவிடலாம். இரண்டு நாளில் போய்ச் சேரும். ஜெர்மாட்டுக்குச் சின்னப் பை போதும். அங்கே கார்களுக்கு அனுமதி இல்லை. ஊருக்கு மேலே கோர்னர்கிராட் சிகரம் 3,089 மீட்டர் உயரம், பல்சக்கர ரயில் அரை மணியில் கொண்டுபோய் விட்டுவிடும். அப்பாவின் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கைப்பை, வாட்ச் என்று பெரிதாக வாங்கும் எண்ணம் இருந்தால் கடைசியில் இத்தாலியில் வாங்குங்கள். பாரிஸில் வாங்கினால் சுவிஸ் எல்லையில் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே போகிறீர்கள், வெளிநாட்டவருக்கு விற்பனை வரியைத் திருப்பித் தருவதற்கான முத்திரையும் சுவிஸ் சுங்கமும் சேர்ந்து படுத்தும். பிரிட்டனில் 2021 முதல் கையில் எடுத்துவரும் பொருளுக்கு அந்த வரித்திருப்பச் சலுகையே இல்லை. கார்டு தேய்க்கும்போது எந்த நாணயத்தில் என்று கேட்டால் அந்த ஊர் நாணயத்தையே அழுத்துங்கள்.

ஜன்னலோரம்:
மூன்று பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. நேற்று ராத்திரி நாலு பேரும் மேப்பை விரித்து உட்கார்ந்தோம். லண்டன் 3, பாரிஸ் 4, ஜெர்மாட் 2, செயின்ட் மோரிட்ஸ் 1, வரேன்னா 2, வெனிஸ் 3. இத்தாலிதான் அதிகம், அங்கேயே விண்ணப்பம். ஈரக்காற்று அக்கா, டூலிப் விஷயத்தைச் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவரே, "அப்ப ஒரு ஏப்ரல்ல தனியாப் போவோம்" என்றார். வெனிஸில் இரண்டு ஹோட்டலுக்கு எழுதினேன். ஒன்றில் படகுத்துறையிலிருந்து லிஃப்ட் வரை படியே இல்லை என்று படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள், அதையே எடுத்துவிட்டோம்.

கிளேசியரில் எக்ஸலன்ஸ் வகுப்பு (அதிலேயே உயர்ந்த வகுப்பு) பார்க்கிறோம். எந்தப் பக்கம் உட்கார்ந்தால் நல்லது?

மலைரயில்:
அந்த வகுப்பில் மொத்தமே 20 இருக்கை, எல்லாமே ஜன்னல்தான், எதிரெதிரே இருவர். முன்பதிவு திறந்ததும் போட்டுவிடுங்கள். செயின்ட் மோரிட்ஸ் போகும் திசையில் லான்ட்வாசர் பாலம் வலப்பக்கம் வளையும், 65 மீட்டர் உயரம், நேராகப் பாறைக்குள் நுழையும். ஆனால் நடுவில் கூர் நிலையத்தில் ரயில் திசை மாறும், அதனால் ஜெர்மாட்டில் ஏறும்போது இடப்பக்கம் இருக்கும் மேசைதான் அந்தப் பாலத்தில் வலப்பக்கம் வரும். அப்பா அம்மாவுக்கு அதைக் கேளுங்கள்.