புதுப்பிப்பு: ஹெப்பாரின் சேராத அப்பாவுக்கு வால்வு ஆபரேஷன் முடிந்தது

ரத்தம் உறையாமலிருக்கத் தரும் ஹெப்பாரின் மருந்தால் ரத்தத் தட்டணுக்கள் சரிந்த அப்பாவுக்கு, வழக்கமாக அதே மருந்து தேவைப்படும் இதய-நுரையீரல் இயந்திரம் வைத்து ஆபரேஷன் செய்யலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார்.

கைகொடுத்தது, "மருந்தை மட்டுமல்ல, இயந்திரத்தில் ரத்தம் ஓடும் குழாயின் உள்பூச்சையும் விசாரியுங்கள்" என்ற யோசனைதான். ஆஸ்பத்திரியில் வழக்கமாக வைத்திருந்த குழாய் செட்டில் ஹெப்பாரின் பூச்சு! ஹெப்பாரின் இல்லாத, பாஸ்போரில்கோலின் பூச்சுள்ள செட்டை வரவழைத்தார்கள்; ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரினுக்குப் பதில் பைவாலிருடின் என்ற மருந்து.

எதிர்பாராதது ஒன்று: கழுத்தில் போடும் கதீட்டரின் உறையிலும் பொடி எழுத்தில் ஹெப்பாரின் பூச்சு என்றிருந்தது. நர்ஸ் பார்த்து ஒதுக்கினார். அப்புறம், பைவாலிருடினை ரத்தத்தில் உள்ள நொதிகளே சிதைத்துவிடுமாம், தேங்கினால் ரத்தம் உறையும். அதனால் பெர்ஃப்யூஷனிஸ்ட் (இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்குபவர்) குழாயில் எங்கும் ரத்தத்தை நிற்கவிடவில்லை. ஹெப்பாரினுக்குப் புரோட்டமின் இருப்பதுபோல பைவாலிருடினுக்கு முறிமருந்து கிடையாது. அதனால் ரத்தக் கசிவு அடங்கச் சில மணி நேரம் பிடித்தது.